பரிசுக்குப் பணியாத நார்

தொட்டால் அரிக்கும் செடிகளைக் கொண்ட அர்ட்டிகேசி குடும்பத்தில், கொட்டாத புதர்ச்செடி ஒன்று உண்டு. அதுவே கிழக்காசியாவின் ராமி. இதன் பட்டை நாரிலிருந்து சீனர்கள் நெடுங்காலமாகக் கோடைத் துணி நெய்து வந்தனர். பருத்தியைவிட வலிய இந்த நார், நனைந்தால் மேலும் வலுப்பெறும்.

அப்படியிருந்தும் ஆலைகளில் இது பருத்திக்கு ஈடாகவில்லை. காரணம் என்ன? பட்டையிலுள்ள பெக்டின் முதலிய பசைப்பொருள்கள் நாரிழைகளை இறுகப் பிணைத்துள்ளன. கையால் உரித்துச் சுரண்டுவதோ பெரும் உழைப்பு.

நாரைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசு 5,000 பவுன் பரிசு அறிவித்தது. 1872-இல் சகாரன்பூரில் சோதனை நடந்தது; 1879-இல் மீண்டும் நடந்தது. முழுப் பரிசை எவரும் பெறவில்லை.

பின்னர் வந்த இயந்திரங்கள் பட்டையை உரித்தன. ஆனால் பசையைக் கரைத்தது எரிசோடாக் கரைசலே. விசைக்கு இணங்காதது வேதியியலுக்கு இணங்கியது!