இடது கைக்கு என்ன வேலை? (எழுத்துருவும் கேம் கண்ட்ரோலரும்)

எழுத்துரு வரைவதையே தொழிலாகக் கொண்ட சிலர், வீடியோ கேம் ஆடும் கண்ட்ரோலரைக் கணினியில் செருகி, அதை வைத்து வேலை பார்க்கிறார்கள். இன்னும் சிலர் நாலைந்து பொத்தானும் இரண்டு திருகு குமிழும் வைத்துச் சின்னதாக ஒரு பெட்டியைத் தாங்களே சால்டர் செய்து கொள்கிறார்கள். இங்கே புனேயில் எங்கள் அலுவலகத்தில் யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால், "ஆணி பிடுங்கச் சொன்னால் விளையாட்டா?" என்று டேமேஜர் வந்து நிற்பார். :-)

பார்க்கப் புதுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்துருத் தொழிலின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், புதுமை இந்தப் பெட்டி இல்லை, நாம் சகஜமாக நினைக்கும் மவுஸ்தான் என்று தெரியும். அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

எஃகும் அரமும்

ஈய எழுத்துக் காலத்தில் எழுத்துரு செய்வது என்றால் எஃகை வெட்டுவது. ஒரு எஃகுக் கம்பியின் நுனியில், அச்சில் வரப்போகும் அதே அளவில், இடவலம் மாற்றி எழுத்தைச் செதுக்குவார்கள். இதற்குப் பெயர் பஞ்ச். இதைச் செம்பில் அறைந்தால் பள்ளமாக மேட்ரிக்ஸ் கிடைக்கும். அதில் உலோகக் கலவையை ஊற்றினால் அச்செழுத்து.

ஒரு கை பஞ்சைப் பிடிக்கும், மறு கை அரத்தையோ செதுக்கு உளியையோ ஓட்டும். எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்கு, உதாரணமாக 'o'வின் நடுவட்டத்துக்கு, தனியாக ஒரு எதிர்பஞ்ச் செய்து அறைவதும் உண்டு. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பஞ்சை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி ஏற்றித் தாளில் ஒற்றிப் பார்ப்பார்கள். கடையில் வாங்கிய கருவியோடு தானே செய்து கொண்டதும் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு கருவியும் ஒரே ஒரு வேலைக்கு. அடுத்து எதை எடுப்பது என்பது கைக்கே தெரியும்.

பெண்டனின் இயந்திரம்

1885இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் லின் பாய்ட் பெண்டன் என்பவர் பஞ்ச் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பாண்டோகிராஃப் என்ற பழைய தத்துவம்தான். ஒரு முனையைப் பெரிய அச்சுப்படிவத்தின் ஓரத்தில் ஓட்டினால், மறுமுனையில் இருக்கும் வெட்டுளி அதே வடிவத்தைச் சின்னதாக எஃகில் வெட்டும்.

அடுத்த வருடமே, 1886இல், ஓட்மார் மெர்கன்தாலரின் லைனோடைப் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் ஓட ஆரம்பித்தது. அந்த இயந்திரத்துக்கு ஏராளமான மேட்ரிக்ஸ் வேண்டும். கையால் வெட்டிக் கட்டுப்படி ஆகாது. பெண்டனின் இயந்திரம் அந்த முட்டுக்கட்டையை நீக்கியது.

இதனால் இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, எழுத்தை உருவாக்குபவர் எஃகை விட்டுத் தாளுக்கு வந்தார். பெரிதாக வரைந்தால் போதும். இரண்டு, வரைபவரும் வெட்டுபவரும் வேறு வேறு ஆட்கள் ஆனார்கள். இங்கிலாந்தில் சால்ஃபோர்ட்ஸ் என்ற ஊரில் இருந்த மோனோடைப் தொழிற்சாலையின் வரைபட அறையில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வடிவமைப்பாளர் கொடுத்த ஓவியத்தை இயந்திரத்துக்கு ஏற்ற துல்லியக் கோடாக மாற்றியவர்கள் அவர்கள்தான். ஒரு வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று எத்தனையோ முடிவுகளை எடுத்திருக்கிறார்கள். கில் சான்ஸ் என்றால் எரிக் கில் பெயர் நமக்குத் தெரியும். அந்த அறையில் இருந்தவர்களின் பெயர்களை ஆய்வாளர்கள் இப்போதுதான் தேடி எடுக்கிறார்கள்.

பேனாவும் பெட்டியும்

இனி கணினி. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைக் காட்டினார். திரையிலேயே ஒளிப்பேனாவால் கோடு வரையலாம். பலரும் அந்தப் பேனாவோடு நிறுத்திக் கொள்வார்கள். ஆனால் அவருடைய மறு கைக்கும் வேலை இருந்தது. பக்கத்தில் ஒரு பொத்தான் பெட்டி. பேனா இடத்தைச் சொல்லும், பொத்தான் 'இங்கே என்ன செய்ய வேண்டும்' என்று சொல்லும்.

1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் டக் எங்கல்பார்ட் மவுஸை உலகுக்குக் காட்டியபோதும் அப்படித்தான். வலது கையில் மவுஸ். இடது கைக்கு ஐந்து கட்டைகள் கொண்ட சின்ன விசைப்பலகை. கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் எழுத்துகளும் கட்டளைகளும் வரும். வலது கைச் சாதனம் உலகம் முழுக்கப் பரவியது. இடது கைச் சாதனம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

இகாரஸ்

என்னைப் பொறுத்தவரை கதையின் முக்கியமான கட்டம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்தது.

1965இல் ருடால்ஃப் ஹெல்லின் டிஜிசெட் வந்தபோது எழுத்துகள் புள்ளிகளாக மாற வேண்டி வந்தது. ஒவ்வொரு அளவுக்கும் கட்டம் போட்டு, எந்தப் புள்ளி கறுப்பு எது வெள்ளை என்று தீர்மானிப்பது மாளாத வேலை. எழுத்தின் வெளிக்கோட்டை மட்டும் கணக்காகச் சேமித்து வைத்தால், எந்த அளவுக்கும் புள்ளிகளைக் கணினியே போட்டுக் கொள்ளுமே என்று யோசித்தார் இயற்பியல் படித்த பீட்டர் காரோ. யூஆர்டபிள்யூ நிறுவனத்தில் அவர் உருவாக்கிய அமைப்புக்குப் பெயர் இகாரஸ். 1975இல் வார்சாவில் நடந்த ஏடைப்-ஐ என்ற சர்வதேச அச்செழுத்துச் சங்கத்தின் மாநாட்டில் அதைக் காட்டினார்கள்.

வேலை செய்யும் விதம் இது. பெரிதாக வரைந்த எழுத்தை டிஜிட்டைசர் பலகையில் ஒட்டுவார்கள். கையில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் குறுக்குக் கோடும் பொருத்திய ஒரு சாதனம், அதில் பொத்தான்கள். வெளிக்கோட்டின் மேல் குறுக்குக் கோட்டைச் சரியாக நிறுத்தி, பொத்தானை அழுத்த வேண்டும். எந்தப் பொத்தான் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தொடக்கப் புள்ளி, முனைப் புள்ளி, வளைவுப் புள்ளி, தொடுபுள்ளி என்று நான்கு வகை. தொடுபுள்ளி என்றால் நேர்க்கோடு உடையாமல் வளைவாக மாறும் இடம்.

நம் எழுத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். 'ட'வுக்கு முனைப் புள்ளிகளே போதும். 'ம'வில் நேர்க்கோடு வளைவாகிறது, அங்கே தொடுபுள்ளி வேண்டும். 'ண'வுக்கு வளைவுப் புள்ளி வரிசையாக வந்து கொண்டே இருக்கும்.

அதாவது அந்தப் பொத்தான்கள் வெறும் 'கிளிக்' இல்லை. ஒவ்வொன்றும் எழுத்து வரைபவரின் மொழியில் ஒரு சொல். எழுத்துக்கென்றே செய்த கேம் கண்ட்ரோலர் என்று இதைச் சொன்னால் தப்பில்லை. சால்ஃபோர்ட்ஸ் பெண்களின் பென்சிலில் இருந்த அறிவு, பொத்தானின் பெயராக இங்கே வந்து உட்கார்ந்தது.

இதே காலத்தில் நேர் எதிர்த் திசையில் போனவர் டொனால்ட் குனூத். அவருடைய மெட்டாஃபாண்ட்டில் (1979) கைச் சாதனமே கிடையாது. எழுத்தைச் சமன்பாடாகத் தட்டச்சு செய்ய வேண்டும். கணக்குப் போடுபவர்களுக்குக் கொண்டாட்டம். எழுத்து வரைபவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகவில்லை. கை பழகிய அறிவைச் சமன்பாட்டில் சொல்வது எல்லோருக்கும் வராது.

ஒற்றைப் பொத்தான்

1984 ஜனவரியில் மேக்கின்டாஷ் வந்தது, ஒரே ஒரு பொத்தான் உள்ள மவுஸோடு. 1986இல் டெக்சாஸில் இருந்த ஆல்ட்சிஸ் நிறுவனம் ஃபாண்டோகிராஃபர் மென்பொருளை வெளியிட்டது. இகாரஸ் பெரிய நிறுவனங்களின் சொத்து. ஃபாண்டோகிராஃபரோ மேஜைக் கணினி வைத்திருந்த தனி ஆளுக்கும் எட்டியது.

இதன் பலன் நமக்கு நன்றாகவே தெரியும். மேஜைக் கணினி வந்த பிறகு, பெரிய ஃபவுண்டரிகள் கவனிக்காத மொழிகளுக்குத் தனி ஆட்களே எழுத்துரு செய்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பெருகின. ஆளுக்கொரு குறியீட்டு முறை என்று ஆகி, 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி டாப், டாம் என்று தரம் வகுக்க வேண்டி வந்தது. 'எழுத்துரு தெரியவில்லை, கட்டம் கட்டமாக வருகிறது' என்று புலம்பிய தலைமுறை நாம். ஆனாலும் அந்த மலிவுக் கருவிகள் இல்லாவிட்டால் புலம்புவதற்குக்கூட எழுத்துரு இருந்திருக்காது.

இழப்பும் உண்டு. மவுஸுக்கு எழுத்தும் ஒன்றுதான், எக்செல் கட்டமும் ஒன்றுதான். புள்ளியின் வகையைப் பொத்தான் சொல்லாது, மெனுவில் போய்த் தேட வேண்டும். இடது கை ஷிஃப்டையும் கண்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.

மறுபடியும் பொத்தான்கள்

இப்போது கண்ட்ரோலருக்கு வருவோம். 1990களின் இரண்டாம் பாதியில் யூஎஸ்பி வந்தது. அதன் எச்ஐடி தரத்தால் விசைப்பலகை, மவுஸ், கேம் கண்ட்ரோலர் எல்லாமே கணினிக்கு ஒரே குடும்பம் ஆயின. எந்தப் பொத்தானுக்கு எந்தக் கட்டளை என்று இடையில் ஒரு சின்ன நிரல் மாற்றிக் கொடுத்தால் போதும். 2005இல் ஆர்டுவினோ வந்த பிறகு, எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் சொந்தமாகப் பெட்டி செய்ய முடிந்தது.

கெர்னிங் வேலையைப் பாருங்கள். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஜோடி ஜோடியாகச் சரிசெய்யும் வேலை இது. ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும் என்றாலே 26 பெருக்கல் 26, 676 ஜோடி. சின்ன எழுத்தும் சேர்ந்தால் 2704. எழுத்துகளைக் குழுக்களாகப் பிரித்து இதைக் குறைப்பார்கள், ஆனாலும் மலைதான். செய்ய வேண்டியது நான்கே காரியம்: அடுத்த ஜோடி, முந்தைய ஜோடி, நெருக்கு, விலக்கு. கண்ட்ரோலரின் சிலுவைப் பொத்தானிலும் நான்கே திசை. மணிக்கட்டை மேஜையில் அழுத்தாமல், சாய்ந்து உட்கார்ந்து, கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல் செய்யலாம். மணிக்கட்டு வலியோடு கணினி முன்னால் உட்காரும் நம்மைப் போன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குமிழுக்கும் வேலை வந்துவிட்டது. தடிமன், அகலம் போன்றவற்றைத் தொடர்ச்சியாகக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் ஃபாண்ட் நுட்பத்தை ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், அடோபி சேர்ந்து 2016 செப்டம்பரில் அறிவித்தன. எங்கே தெரியுமா? அதே ஏடைப்-ஐ மாநாட்டில், அதே வார்சாவில்! ஒரு அச்சுக்கு ஒரு குமிழ் என்று வைத்துக்கொண்டு திருகினால், எழுத்து பருப்பதையும் மெலிவதையும் கண்ணெதிரே பார்க்கலாம்.

ஆகவே இது விளையாட்டுப் புத்தி இல்லை. தன் கருவியைத் தானே செய்துகொண்ட பஞ்ச் வெட்டியின் பழக்கம், நடுவில் சில காலம் விட்டுப்போய், திரும்ப வந்திருக்கிறது.

எனக்கு இதில் ஒரு ஆசை உண்டு. இகாரஸின் நான்கு புள்ளிகளும் ஹாம்பர்க்கில், ரோமன் எழுத்தை மனதில் வைத்துத் தீர்மானித்தவை. தமிழ் வரைபவரின் கைக்கு வேறு சொற்கள் தேவைப்படலாம். 18 மெய்களுக்கும் உகர ஊகாரத்தில் தனித்தனி வடிவம், மொத்தம் 36. 'ண'வின் சுழியை மாற்றினால் 'ன'விலும் 'ணு'விலும் பார்த்தாக வேண்டும். 'இந்தச் சுழி வரும் எழுத்தையெல்லாம் காட்டு' என்று ஒரு பொத்தான் இருந்தால் எப்படி இருக்கும்? சில நூறு ரூபாய்ச் சில்லும் ஒரு வார இறுதியும் போதும். எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். பொத்தானுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை மட்டும், தினமும் தமிழ் எழுத்தை வரைபவர்கள்தான் சொல்ல வேண்டும்.