பூட்டியின் பெயர் எங்கே?

எமது பாடசாலையின் மிகப் பழைய சேர்விடாப்பைப் புரட்டுபவர்களுக்கு ஒரு விடயம் உடனே கண்ணிற்படும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி, தகப்பன் அல்லது பாதுகாவலர் என்று நிரல்கள் கோடிடப்பட்டிருக்கின்றன. தாய்க்கு நிரல் இல்லை. பெண்பிள்ளைகளுக்கென்றே வைத்த இடாப்பிலும் அவர்களைப் பெற்றவள் யாரென்று எழுத இடம் விடப்படவில்லை.

இம்மலருக்காகப் பழைய மாணவிகளிடம் குடும்ப விபரம் கேட்டிருந்தோம். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வந்த மறுமொழிகளில் விபரத்தைவிடக் கேள்விகளே அதிகம். "எங்கட பூட்டனும் பூட்டியும் ஆர்? எங்கை போய்த் தேடலாம்?" பூட்டனின் பெயர் பெரும்பாலும் தெரிந்துதான் இருக்கிறது, பேரனின் பெயருக்கு முன்னால் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பூட்டியைக் கேட்டால், "ஆச்சி எண்டுதான் சொல்லுவினம்" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஆகவே நெடுந்தீவுக் குடும்பமொன்றின் பழைய தம்பதியரை எந்தெந்தப் பதிவேட்டில் தேடலாம், அவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாமல் விடும் என்பதை நாம் அறிந்த அளவில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு நப்பாசையைத் தீர்த்துவிட வேண்டும். குடிசனமதிப்பு என்றதும் பலர் அதிலே பெயர்கள் இருக்குமென்று எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் நூறாண்டு கழிந்த மதிப்புப் படிவங்களை வீடு வீடாகப் பெயரோடு பார்க்கலாம். வெளிநாட்டில் வளர்ந்த எமது பிள்ளைகள் அதைக் கண்டே இங்கும் அப்படியென்று நினைக்கிறார்கள். இலங்கையில் 1824இல் கரையோர மாகாணங்களில் எடுத்த கணக்கு 1827இல் அச்சாயிற்று. முழுத்தீவுக்குமான முறையான மதிப்பு 1871இல் தொடங்கியது. 1901ஆம் ஆண்டு மதிப்பைப் பொன்னம்பலம் அருணாசலம் நடத்தி எழுதிய அறிக்கை இன்றும் வாசிக்கச் சுவையானது. ஆனால் இவையெல்லாம் தொகையைச் சொல்லும் நூல்கள். ஆண் இத்தனை, பெண் இத்தனை, சமயம் இன்னது, தொழில் இன்னது என்பதோடு நின்றுவிடும். ஓர் ஊரில் எத்தனை கிறிஸ்தவர் இருந்தனர் என்று அறிந்தால் எந்தக் கோயிலின் பதிவேட்டைத் தேடுவது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். போர்க்காலத்தில் அந்தத் தொகைகூட இல்லை. 1981க்குப் பின் வடக்கில் முழுமையான மதிப்பு 2012இல்தான் எடுக்கப்பட்டது.

பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் சட்டமாகி, மெல்ல மெல்லவே ஊர்களுக்குப் பரவிற்று. விவாகப் பதிவோ அதைவிடப் பிந்தி வேரூன்றியது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரும் கூறை கொடுத்து, தாலி கட்டி, ஊரறியக் குடும்பம் நடத்தியதே விவாகமென்று சட்டமும் ஏற்றுக்கொண்டது. எனவே பூட்டனுக்கும் பூட்டிக்கும் விவாகப் பதிவு கிடைக்கவில்லையே என்று எவரும் மனஞ்சோர வேண்டியதில்லை.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வழி சற்று இலகு. ஞானஸ்நானப் பதிவில் பிள்ளை, தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய் என ஐந்து பேர் ஒரே வரியில் நிற்கிறார்கள். தாயை விடாமல் எழுதியது இந்தப் பதிவேடு. 1847இல் அமலமரித் தியாகிகள் யாழ்ப்பாணம் வந்த பிறகு பங்குகள் ஒழுங்குபட்டு, பதிவேடுகளும் ஒழுங்காயின. அவற்றை வாசிக்க இரண்டு சூட்சுமங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, இலத்தீன் பெயர். வீட்டில் சந்தியாப்பிள்ளை என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் யாக்கோபுஸ் என்றிருப்பார். போர்த்துக்கேயரின் சந்தியாகுவும் இலத்தீனின் யாக்கோபுவும் ஒரே அப்போஸ்தலரின் பெயர்கள். இது தெரியாமல் சந்தியாப்பிள்ளையைத் தேடி ஏடு முழுவதையும் புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு.

மற்றது, விவாகப் பதிவின் ஓரத்தில் வரும் விதிவிலக்குக் குறிப்பு. மச்சானும் மச்சாளும் மணப்பது எமக்கு வழமை. திருச்சபைக்கோ அது தடை. ஆகவே ஆயரின் அனுமதி பெற்று, இன்ன படி இரத்த உறவு என்று எழுதிவைத்தார்கள். பழைய திருச்சபைக் கணக்கில் இரண்டாம் படி என்றால் ஒரே பேரன் பேத்தியின் பேரப்பிள்ளைகள். மூன்றாம் படி என்றால் ஒரே பூட்டன் பூட்டியின் வழிவந்தவர்கள். அந்தச் சிறு குறிப்பு ஒன்றே மாப்பிள்ளை பெண் இருவரின் வம்சமும் எங்கே ஒன்றுசேர்கிறது என்பதைக் காட்டிவிடும். சைவக் குடும்பங்களில் இதே மச்சான் மச்சாள் விவாகங்கள் எத்தனையோ நடந்தன. தடுக்க ஒருவரும் இல்லாதபடியால் எழுதிவைக்கவும் ஒருவரும் இல்லை.

இதற்கும் பின்னே போனால் தோம்பு. யாழ்ப்பாண இராச்சியத்தை 1619இல் கைப்பற்றிய போர்த்துக்கேயர் ஊர்களையும் வரிகளையும் ஏட்டில் ஏற்றினார்கள். அவர்களுடைய 1645ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு பி. ஈ. பீரிஸ் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். 1658இல் வந்த ஒல்லாந்தர் இதை மிக விரிவாகச் செய்தார்கள். தலைத்தோம்பில் குடும்பமும் அது செய்யவேண்டிய ஊழியமும், காணித்தோம்பில் நிலமும், பாடசாலைத் தோம்பில் ஞானஸ்நானமும் விவாகமும். நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்று தங்கள் நாட்டு நகரின் பெயரை வைத்தவர்களும் அவர்களே. வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்று மற்றத் தீவுகளுக்கும் வைத்தார்கள். எமது தீவின் பெயர்தான் இன்றுவரை ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

பாடசாலைத் தோம்பை எழுதியவர் ஊர் உபாத்தியாயர். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அதே ஆள்தான் யார் பிறந்தார், யார் யாரை மணந்தார் என்று பதிந்தார். உறுதி எழுதியவரும் அவரே. ஒல்லாந்த ஆட்சியில் புரட்டஸ்தாந்து ஞானஸ்நானமும் தேவாலயத்தில் பதிந்த விவாகமும் இல்லாவிட்டால் உத்தியோகத்துக்கும் சொத்துரிமைக்கும் இடைஞ்சல். ஆகையால் வீட்டில் சைவராகவோ கத்தோலிக்கராகவோ இருந்தோரும் தோம்பில் வேறொரு பெயரோடு நின்றார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் அந்தப் பெயர்களும் நீங்கின. ஒரே மனிதர் ஒரு ஏட்டில் பிலிப்பு, இன்னொன்றில் வேலர். இருவர் என்று எண்ணி வம்சத்தை இரண்டாகப் பிரித்துவிடக் கூடாது.

பெயர் இரட்டையாவது பின்னரும் நடந்தது. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளையை எல்லோரும் அறிவர். தமிழில் அவருடைய முதலெழுத்து சி. வை.; சிறுப்பிட்டி வைரவநாதர் மகன். ஆங்கிலப் பதிவுகளிலோ சார்ள்ஸ் வின்ஸ்லோ என்பதன் முதலெழுத்துகள். அமெரிக்க மிசன் பாடசாலைகளில் படித்த பிள்ளைகளுக்கு, உபகாரப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் பாடசாலையில் சேர்ந்த சிறுமியரும் இதற்குத் தப்பவில்லை. ஆண்கள் பின்னாளில் தகப்பன் பெயரோடு பழைய பெயரையும் மீட்டுக்கொண்டார்கள். பெண்கள் பலருக்கு ஏதோ ஓர் அமெரிக்கச் சீமாட்டியின் பெயர் மட்டுமே ஏட்டில் எஞ்சியது.

ஒரு தம்பதியரைப் பற்றி வீட்டுக்கதையும் ஏடும் எப்படி மாறுபடும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒண்டாச்சி குடும்பம். கனடாவில் வாழும் எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி 1982இல் வெளியிட்ட குடும்ப வரலாற்று நூலில், கொழும்பு புனித தோமஸ் தேவாலயத்தின் பழைய பதிவேடுகளை விரித்துத் தன் முன்னோரின் பெயர்களைத் தேடுகிறார். அந்நூலில் வரும் வீட்டுக்கதைப்படி முதல் முன்னோர் 1600இல் வந்த ஒரு வைத்தியர். ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்தி, நிலமும் ஓர் அந்நிய நாட்டு மனைவியும் ஒல்லாந்த எழுத்துக்கூட்டலில் தன் பெயரும் பெற்றார். கதை நல்ல கதை. ஆனால் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்ததே 1656இல். டச்சுப் பறங்கியர் மத்தியில் வழங்கும் வம்சாவளிகள் ஆண்டை 1659 என்றும், வந்தவர் தஞ்சாவூர் வைத்தியர் என்றும், மனைவி மக்டலேனா டி குரூஸ் என்றும் சொல்கின்றன. கதையில் பெயரில்லாத பரிசுப்பொருளாக நின்ற பெண் இங்கே பெயரோடு எழுந்து வருகிறாள்.

அவள் போர்த்துக்கேயப் பெண் என்பது வழமையான கூற்று. தீவுப்பகுதியில் பிறந்த எமக்கு அந்த இடத்தில் சிறிது தயக்கம் வரும். குரூசும் சில்வாவும் பெர்னாண்டோவும் ஞானஸ்நானத் தொட்டியில் கிடைத்த பெயர்கள்; அக்காலத்தில் கடலோரமெங்கும் தமிழரும் சிங்களவரும் அவற்றைத் தாங்கினார்கள். பெயரை மட்டும் வைத்து ஒருவரின் இரத்தத்தைத் தீர்மானிப்பது அவசரம். இது எமது வீடுகளில் "நாங்கள் பறங்கி வழி" என்று பெருமை பேசுவோருக்கும் பொருந்தும்.

இன்னொரு வகை ஏட்டைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது, மலர்களில் இதை எழுதுவது வழக்கமில்லை என்றாலும். யாழ்ப்பாணத்தில் அடிமைச் சாதியினர் என்று அரசாங்கம் வகுத்தவர்களின் பெயர்கள் தோம்புகளிலும் பின்னர் ஆங்கிலேயர் திறந்த அடிமைப் பதிவேடுகளிலும் உடைமைக்காரரின் பெயருக்குக் கீழேதான் வந்தன. 1821இல் அவர்களுக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை அரசாங்கமே விலை கொடுத்து விடுவிக்கும் ஏற்பாடு வந்தது; பெண்ணை விடுவித்தால் அவள் வயிற்றுப் பிள்ளைகளும் விடுதலை என்பது கணக்கு. இலங்கையில் அடிமைமுறை முற்றாக நீங்கியது 1844இல். ஆக, தகப்பன் பெயரை முன்னால் வைத்த ஏடுகளுக்கு நடுவே, ஒரு பெண்குழந்தை பிறந்தது என்பதற்காகவே பதிவு விழுந்த காலமொன்று உண்டு. அவள் யாரோ ஒருவரின் பூட்டிக்கும் பூட்டி. இன்று அந்தப் பெயரைத் தேடுவோருக்கு அது வெட்கப்படவேண்டிய பதிவு அல்ல. வெட்கம் விலை குறித்தவர்களுக்கு உரியது.

சைவக் குடும்பங்களின் தாய்வழியைத் தேட எமது கருத்தில் மிக உறுதியான சான்று கோயிலிலும் இல்லை, கச்சேரியிலும் இல்லை. வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. அது சீதன உறுதி.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தது 1706இல். 12 முதலிமார் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டனர். 1707இல் நடைமுறைக்கு வந்தது. 1806இல் ஆங்கிலேயரும் அதை ஏற்றனர். அதன்படி முதுசம் தகப்பன் வழி ஆண்களுக்கு. தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. கலியாணத்துக்குப் பின் சேர்த்தது தேடிய தேட்டம். 1911இல் வந்த சட்டம் இந்த முறையை வெகுவாக மாற்றும் வரை ஒரே காணி ஆச்சியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் போயிற்று. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருந்தார். பெண்ணோ பிறந்த வளவிலேயே நின்றாள். கல்வேலிக்குள் இருக்கும் எமது வளவுகள் பலவற்றின் கதை இதுதான்: வேலி மாறவில்லை, வந்த ஆண்களின் பெயர்தான் மாறிற்று.

ஆகவே உறுதியின் முதற்பக்கத்தை மட்டும் பாராதீர்கள். "இன்னாருக்கு அவரது தாய் வழிச் சீதனமாய் வந்த" என்ற சொற்றொடர் ஒரு தலைமுறையைப் பின்னே கொண்டுபோகும். அதன்பின் எல்லைகளைப் பாருங்கள். கிழக்கு இன்னார் பெண்சாதி இன்னாள், தெற்கு இன்னார் மகள் இன்னாள் என்று நொத்தாரிசுமார் சலிக்காமல் எழுதியிருப்பார்கள். எல்லைக் காணிக்காரி பெரும்பாலும் சகோதரி; ஒரே தாயின் நிலம் இரண்டாய்ப் பிரிந்தபோது உண்டான எல்லை அது. நான்கு எல்லைகளையும் ஒரு தாளில் வரைந்தால் ஒரு வீட்டுப் பெண்மக்களின் குடும்பமரம் தானே வந்துவிடும். காணியின் பெயரைப் பரப்புக் கணக்கோடு குறித்துக்கொண்டால், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்திலுள்ள ஒல்லாந்தர் ஆவணங்களில் அதே பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஆட்களின் பெயர் மாறினாலும் காணிப் பெயர் இலேசில் மாறுவதில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இடம்பெயர்ந்த காலத்தில் நகையை விட்டுவிட்டு உறுதிக்கட்டை மடியில் கட்டிக்கொண்டு வள்ளமேறிய அம்மாமார் எம்மவரில் பலர். அந்தக் கட்டுகள் இன்று வெளிநாட்டு வீடுகளில் அலுமாரித் தட்டுகளில் கிடக்கின்றன. தமிழெழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகளின் கைக்குப் போகும் நாளும் தூரமில்லை. வைத்திருப்பவர்கள் மூலத்தை அனுப்ப வேண்டாம். எல்லைகள் எழுதிய பக்கத்தை மட்டும் படமெடுத்து, காணியின் பெயரையும் உங்களுக்குத் தெரிந்த மூத்த பெண்ணின் பெயரையும் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினால் போதும்.