மணற்கல் வாங்க முன்னர் பதேபூர் சிக்ரியை ஒருமுறை பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் கட்ட நினைப்பவர்களும் நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

புதிதாக எழும் வீடுகளில் இப்போது மணற்கல் ஆசை கூடியிருக்கிறது. முன்சுவரில் மணற்கல், கேட்டிலிருந்து வாசல் வரை மணற்கல், சில இடங்களில் வளவு முழுக்க மணற்கல். கேட்டால் “முகலாயர் காலத்து லுக்” என்கிறார்கள். அழகான கல்தான், ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் முகலாயர் அந்தக் கல்லை ஏன் எடுத்தார்கள், எப்படிப் பாவித்தார்கள் என்று பார்த்தால், நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது நிறத்தை மட்டும்தானோ என்று தோன்றுகிறது.

முதலில் கல்லைப் பற்றி. நீரும் காற்றும் கொண்டுவந்து படிய வைத்த மணல், மேலே சுமை ஏற ஏற அமுங்கி, கனிமங்களால் ஒட்டி இறுகியதுதான் மணற்கல். இரும்பு ஒட்சைட்டு சேர்ந்தால் சிவப்பாகும். படை படையாகப் படிந்த கல் என்பதால் பலகை பலகையாகப் பிளந்து எடுக்கலாம். இந்தக் குணத்தை முழுமையாகப் பயன்படுத்திய ஊர்தான் ஆக்ராவுக்குப் பக்கத்தில் உள்ள பதேபூர் சிக்ரி.

ஷெய்கு ஸலீம் சிஷ்தி அவர்கள் வாழ்ந்த சிக்ரியில்தான் 1569இல் அக்பரின் மகன் ஸலீம், பிற்கால ஜஹாங்கீர், பிறந்தார். 1571இல் அங்கேயே தலைநகர் கட்டும் வேலை தொடங்கியது. ஊர் அமைந்த குன்றே சிவப்பு மணற்கல் குன்று. கல்லைத் தூரத்திலிருந்து கொண்டுவரவில்லை. காலுக்குக் கீழே இருந்ததை வெட்டி, அதன் மேலேயே கட்டினார்கள்.

அக்பரின் அரசவையில் இருந்த அபுல் ஃபஸ்ல், கட்டடப் பொருட்களின் விலைப்பட்டியலில் இந்தக் கல்லையும் சேர்த்திருக்கிறார். வேண்டிய நீள அகலத்துக்கு உடைத்தெடுக்கலாம் என்றும், கைதேர்ந்த சிற்பிகள் மரத்தில் கடைவதைவிட நுட்பமாக இதில் செதுக்குவார்கள் என்றும் எழுதுகிறார். 1580இல் அங்கு வந்த மொன்செராத் என்ற யேசு சபைப் பாதிரியார் இன்னொரு செய்தி தருகிறார். உளிச் சத்தம் தொல்லை தராமல் இருக்க, கற்களை வேறிடத்தில் அளவாகச் செதுக்கிக் கொண்டுவந்து, கட்டும் இடத்தில் பொருத்த மட்டும் செய்தார்களாம். இன்று “பிரீஃபேப்” என்கிறோமே, அதேதான். 450 வருடங்களுக்கு முன்னர்!

அங்கே தூண், உத்தரம், கூரைப் பலகை எல்லாம் கல். குஜராத், ராஜஸ்தான் பக்கத்துச் சிற்பிகள் மரவேலை முறையையே கல்லுக்கு மாற்றினார்கள். பஞ்ச் மஹால் என்ற ஐந்து மாடிக் கட்டடத்தில் 176 தூண்கள். மேலே போகப் போக மாடி சிறுத்துக்கொண்டு போகும். சுவர் அடைத்துக் கட்டவில்லை, காற்று எந்தப் பக்கத்தாலும் நுழையும்.

இன்னொன்று ஜாலி. கல்லைத் துளைத்துச் செய்த திரை. வெயில் உடைந்து புள்ளி புள்ளியாக உள்ளே விழும், காற்று வரும், உள்ளே இருப்பவர்களின் மறைவும் காக்கப்படும். அஹ்மதாபாத்தில் 1570களில் கட்டப்பட்ட ஸீதி ஸெய்யித் பள்ளிவாசலின் மணற்கல் ஜாலியில், கிளை பின்னிய ஒரு மரமே செதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கட்டியவர் அபிசீனிய வம்சத்தவர்.

தோட்டத்துக்கும் இதே சிந்தனைதான். டில்லியில் ஹுமாயூனின் கபுறைச் சூழ உள்ள தோட்டம் நான்காகப் பிரிந்து, நடுவே நீரோடைகளும் கல் நடைபாதைகளுமாக இருக்கிறது. கவனியுங்கள்: நடக்கிற இடத்தில்தான் கல். மற்ற இடமெல்லாம் மண்ணும் மரமும். சிக்ரியில் ஏரி கட்டி, தண்ணீரை மேலே ஏற்றி, கால்வாய் வழியாக முற்றத்துக் குளங்களுக்கு விட்டார்கள். கல் சூடானாலும் பக்கத்தில் நீரும் நிழலும் இருந்தன.

இனி நம் நிலைமைக்கு வருவோம். நாம் கல்லை வாங்குகிறோம். நிழலை வெட்டுகிறோம், முற்றத்தை மூடுகிறோம். கொங்கிறீட் போட்டு அதன் மேல் கல் பதித்தால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. நம் கிணற்றில் ஊற வேண்டிய தண்ணீர் றோட்டுக்கும் பக்கத்து வளவுக்கும் ஓடும். அயலவரின் வாசலில் தண்ணீர் நிற்பதற்கு நம் அழகான முற்றம் காரணமாகலாமா?

கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மணற்கல்லில் நுண்துளைகள் உண்டு. உப்பு ஈரம் உள்ளே போய்க் காயும்போது உப்பு பளிங்காகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். நிழலான ஈர இடத்தில் பாசி பிடித்து வழுக்கும். வயதான உம்மா, வாப்பா உள்ள வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

கல்லுக்குப் பின்னால் மனிதர்களும் இருக்கிறார்கள். மணற்கல் வெட்டும் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ராஜஸ்தானின் கல்வெட்டுத் தொழிலாளர் இதனால் அவ்வளவு பாதிக்கப்பட்டதால், அந்த மாநில அரசு 2019இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. இங்கே நம் வீட்டில் கிரைண்டரால் கல் வெட்டும் பாஸுக்கும் அதே தூசிதான். தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கல்லுக்குக் கொடுக்கும் காசோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நம் காலுக்குக் கீழே என்ன கல் இருக்கிறது? மேல், தென் கரையோரங்களில் கபுக்கல். நிலத்தில் இருக்கும்போது கோடரியால் வெட்டலாம், காற்றுப் பட்டால் இறுகும். புகானன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1807இல் வெளியான தன் பயண நூலில் மலபாரில் கண்ட இதே வகைக் கல்லுக்கு லெட்டரைட் என்று பெயர் வைத்தார். லத்தீனில் செங்கல் என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பழைய வீடுகளின் தடித்த கபுக்கல் சுவர்களுக்குள் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும்.

நம் நாட்டின் ஜெஃப்ரி பாவாவும் இதைத்தான் செய்தார். அவரது தந்தை வழியில் முஸ்லிம் வேர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஈனா டி சில்வாவுக்கு அவர் கட்டிய வீடு, நடுவே திறந்த முற்றம் வைத்து, உள்ளூர்ப் பொருட்களால் ஆனது. பின்னர் அந்த வீட்டைக் கழற்றி, பெந்தோட்டையில் லுனுகங்கவில் திரும்பப் பொருத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் ஆலோசனை இவ்வளவுதான்:

1. நடக்கிற இடத்துக்கு மட்டும் கல் பதியுங்கள். கொங்கிறீட் இல்லாமல் மணல் படுக்கையில், இடைவெளி விட்டுப் பதியுங்கள்.

2. இருக்கிற மரத்தை வெட்டாமல் பாதையை வளையுங்கள்.

3. பழைய வீட்டை உடைத்தால் கபுக்கல்லை வீசாதீர்கள். தோட்டத்துச் சுவருக்கும் பூப்பாத்திக்கும் அதுவே போதும்.

சிக்ரியைக் கட்டியவர்கள் விலை உயர்ந்த கல்லைத் தேடிப் போகவில்லை. இருந்த கல்லை வெயிலுக்கும் காற்றுக்கும் தண்ணீருக்கும் ஏற்ப வேலை செய்ய வைத்தார்கள். அந்த யோசனையை எடுத்துக்கொள்ள நமக்குச் செலவு எதுவும் இல்லை.

உங்கள் வீட்டில் பழைய கபுக்கல் சுவரோ உள்முற்றமோ இன்னும் இருந்தால் கீழே படம் போடுங்கள். எப்போது கட்டியது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். என் மாணவர்களுக்கும் காட்டலாம்.