விழாப் பாடலில் அந்நிய சுரம்

சண்டிலிப்பாயிலே கல்வளைப் பிள்ளையாரும் சீரணி நாகபூஷணி அம்மையும் கோயில்கொண்டுள்ளனர். 18ஆம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் கல்வளை அந்தாதி பாடியமையால் முன்னையது இலக்கியப் புகழும் எய்தியது. இத்தகைய யாழ்ப்பாணத்துக் கோயில் விழாக்களில் நாதசுர இசையும் திருவூஞ்சற் பாடலும் இன்றியமையாதன. ஊஞ்சற் பாடல்கள் பெரும்பாலும் ஒரே வகை யாப்பில் ஒரே ஈற்றுத்தொடர் மீள மீள வர அமைவன. ஆயினும் கேட்போர் சலிப்பதில்லை. இதற்கு இசையும் ஒரு காரணமாகும். தாலாட்டுக்கும் ஊஞ்சலுக்கும் உகந்ததெனக் கொள்ளப்படும் ஆனந்தபைரவியை ஆராயின் அக்காரணம் புலப்படும்.

ஓர் இராகம் தன் தாய் மேளத்திற்குரிய சுரங்களோடு பிற சுரத்தையும் ஏற்பின், அச்சுரம் அந்நிய சுரம் எனவும் அவ்விராகம் பாஷாங்கம் எனவும் இன்று வழங்கப்படும். பிலகரியில் கைசிகி நிடாதமும் காம்போதியில் காகலி நிடாதமும் இவ்வாறு வருவன. ஆனந்தபைரவியிலோ இரு தைவதங்களும் பயில்கின்றன. அதனை 20ஆவது மேளமாகிய நடபைரவியில் அடக்கின் சதுச்சுருதி தைவதம் அந்நியமாகும். 22ஆவது மேளமாகிய கரகரப்பிரியாவில் அடக்கின் சுத்த தைவதம் அந்நியமாகும். இருவகையாகவும் கொள்வாருளர். எனவே, எது வீட்டுக்குரியது, எது விருந்து என்பதைப் பாடுவோன் குரலன்று, அட்டவணையே தீர்மானிக்கின்றது.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத இரத்தினாகரத்தில் பாஷாங்கம் என்பது பாஷை எனப்பட்ட இராகவகையின் சாயல் உடையதையே குறித்தது. அந்நிய சுரம் பற்றிய கருத்து அதற்கில்லை. 17ஆம் நூற்றாண்டிலே தஞ்சையில் வேங்கடமகி சதுர்தண்டிப் பிரகாசிகையில் 72 மேளங்களைக் கணக்கிட்டார். அவற்றுள் அவர் காலத்து வழங்கியவை 19 மாத்திரமே. ஒரு மேளத்தில் ஒரு தைவதமே நிற்கும் என்ற வரையறை நிலைபெற்ற பின்னர், இரண்டையும் நெடுங்காலம் ஏந்திவந்த இராகங்களில் ஒன்று அயலாயிற்று. வேலி பின்னர் வந்தது; பயிர் முன்னரே இருந்தது.

மேலைத்தேய விழாப் பாடலிலும் இதனையொத்த நெறி காணப்படும். இர்விங் பெர்லின் இயற்றி, பிங் குரொஸ்பி 1942இல் பாடிப் பதிவு செய்த ‘வைற் கிறிஸ்மஸ்’ என்னும் நத்தார்ப் பாடல், நமது சங்கராபரணத்தையொத்த சுரவரிசையில் அமைந்தது. எனினும் அதன் தொடக்க மெட்டிலேயே சாதாரண காந்தாரத்தையும் பிரதி மத்தியமத்தையும் ஒத்த சுரங்கள் தொட்டுச் செல்கின்றன. பின்னர் வரும் ஓர் இசைவுக்கூட்டு சுத்த தைவதத்தையும் இரவல் பெறுகின்றது. மகிழ்ச்சிப் பாடலில் ஏக்கத்தின் நிழல் படிவது இவற்றாலேயாம்.

இணுவில் வீரமணி ஐயர் (1931–2003) மயிலைக் கற்பகாம்பாள்மீது இயற்றி, டி. எம். சௌந்தரராஜன் பாடிய இராகமாலிகை ஆனந்தபைரவியிலேயே தொடங்குகின்றது. அப்பாடல் கடல் கடந்தும் பரவியமைக்கு இராகத் தெரிவும் துணைநின்றது எனலாம்.

அந்நிய சுரம் அட்டவணையால் அயலாக்கப்பட்டது என்பதால், நினைத்த சுரத்தை நினைத்த இடத்தில் இடலாம் என்பது பெறப்படாது. காம்போதியின் காகலி நிடாதம் அதற்குரிய பிடியில் வரும்போதே இனிக்கும். பிடி தவறின் இராகமே சிதையும். புதிய விழாப் பாடல் புனைவோர் பெயரளவிலான தூய்மைக்கு அஞ்சவேண்டியதில்லை. செவிவழி வந்த மரபுக்கே அஞ்சவேண்டும்.