புறத்தமனி நோய்

கால்களுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் படிந்து, குழாய் குறுகுவதால் உண்டாவது புறத்தமனி நோய். பேச்சு வழக்கில் இதைக் ‘கால் ரத்தக்குழாய் அடைப்பு’ என்பார்கள். உலகில் 20 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உள்ளது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. நடக்கும்போது வரும் வலியை ‘வயசாகிவிட்டது’ என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன சிலருக்கு வலியே தெரிவதில்லை.

உண்டாகும் விதம்

ஓய்வில் இருக்கும் தசைக்குக் கொஞ்சம் ரத்தமே போதும். நடக்கத் தொடங்கினால் ஆடுசதைக்குப் பல மடங்கு ரத்தம் வேண்டும். குறுகிய தமனியால் அதைத் தர முடியாதபோது தசை வலிக்கிறது. காலில் படியும் இதே கொழுப்பு இதயத்திலும் மூளையிலும் உள்ள தமனிகளிலும் படிகிறது. இதனால் இந்நோயாளிகளில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் உயிரிழப்பவர்களே அதிகம்.

அறிகுறிகள்

வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பவருக்குப் பாதி வழியில் ஆடுசதை இறுகிப் பிடிக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் வலி அடங்குகிறது. மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மீண்டும் பிடிக்கிறது. இந்நோய்க்கே உரிய வலி இது. மருத்துவர்கள் இதைக் ‘கிளாடிகேஷன்’ என்பார்கள். நொண்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அடைப்பு இடுப்புப் பகுதியில் இருந்தால் தொடையும் பிட்டமும் வலிக்கும். ஆண்களுக்கு ஆண்குறி விறைப்புக் குறையவும் கூடும்.

முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்படுவதாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலி வெறுமனே நிற்பதால் அடங்காது; உட்கார வேண்டும், அல்லது முன்பக்கம் குனிய வேண்டும்.

கால் குளிர்ந்திருப்பது, தோல் மினுமினுப்பது, முடி உதிர்வது, நகம் தடிப்பது, ஒரு கால் மற்றதைவிட மெலிவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. நோய் முற்றினால் படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும். நோயாளி இரவில் விழித்துக் காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிடுவார். ரத்தம் கீழிறங்கி வலி சற்றுக் குறையும். இந்தக் கட்டத்தில் சிறு கீறலும் ஆறாமல் புண்ணாகும். விரல் கறுத்து அழுகவும் கூடும்.

ஆபத்துக் காரணிகள்

புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் முதன்மையானவை. 65 வயதைக் கடப்பது, உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. சர்க்கரை நோயில் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உள்ள சிறிய தமனிகள் அடைபடுகின்றன.

புகைப்பவர்களின் கால் தமனிகளை அடைக்கும் புர்கர் நோய், மேலே சொன்ன நோயிலிருந்து வேறானது. நியூயார்க் மருத்துவர் லியோ புர்கர் 1908இல் இதை விரிவாக விவரித்தார். கொழுப்புப் படிவு இதற்குக் காரணமல்ல. புகையிலையோடு பிணைந்த அழற்சியால் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. பெரும்பாலும் 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களைத் தாக்கும் இந்நோயை இந்தியாவில் பீடி புகைப்பவர்களிடம் காணலாம். புகையிலையை அறவே விடுவதுதான் இதைத் தடுத்து நிறுத்தும் வழி.

கண்டறிதல்

மருத்துவர் முதலில் இரு கால்களிலும் நாடியைத் தொட்டுப் பார்ப்பார். அடுத்தது கணுக்கால்–கை அழுத்த விகிதம். நோயாளியைப் படுக்கவைத்து, ரத்த ஓட்டத்தை ஒலியலையால் அறியும் டாப்ளர் கருவியின் துணையோடு கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.70. 1.00 முதல் 1.40 வரை இயல்பு, 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் நோய் இருக்கிறது. சர்க்கரை, சிறுநீரக நோயாளிகளில் தமனி சுண்ணாம்பேறி விறைத்திருந்தால் அளவு 1.40ஐத் தாண்டிவிடும். அதை நலம் என்று கொள்ளக் கூடாது. அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

சிகிச்சை

புகையை விடுவது, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல் ஆகியவை அடிப்படை. புண் இல்லாதவர்களுக்கு நடையும் மருந்துதான்: வலி வரும்வரை நடந்து, நின்று, வலி அடங்கியதும் மறுபடி நடப்பது. வாரத்தில் மூன்று நாளாவது, 30 முதல் 45 நிமிடம், 12 வாரம் இப்படிச் செய்தால் வலியின்றி நடக்கும் தூரம் கூடும்.

இவை போதாதபோது அடைப்பை விரிக்கலாம், அல்லது வேறு நாளத்தால் மாற்றுப்பாதை அமைக்கலாம். விரிக்கும் முறை பிறந்தது அமெரிக்காவின் போர்ட்லாந்தில். அங்கே 82 வயது மூதாட்டி ஒருவருக்குக் கால்விரல்கள் அழுகியிருந்தன. காலை எடுக்கச் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. 1964 ஜனவரி 16 அன்று மருத்துவர் சார்லஸ் டாட்டர் மெல்லிய குழாய்களைத் தொடைத் தமனிக்குள் செலுத்தி அடைப்பை விரித்தார். பாதத்தில் சூடு திரும்பியது, கால் பிழைத்தது. 1974இல் சூரிச்சில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதற்குப் பலூனைப் பயன்படுத்தினார். 1977இல் அதே முறை இதயத் தமனிக்கும் வந்தது. இப்படி அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, காலில் தொடங்கி இதயத்துக்குப் போன சிகிச்சை.

அவசர நிலை

கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்து, மரத்துப்போய், அசைக்க முடியாமல் போனால் தமனி முழுதாக அடைபட்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலைக் காப்பது அரிது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாதப் பராமரிப்பு

சர்க்கரை நோயாளிகள் தினமும் இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். வீட்டில் இருப்பவர் பார்த்துச் சொல்வது இன்னும் நல்லது. கால் சில்லிட்டிருக்கிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். கால் ஆணியை பிளேடால் அறுப்பதும் வெறுங்காலோடு நடப்பதும் ஆபத்து. எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு பாதத்தைக் காக்கும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை, அது வலிக்காவிட்டாலும், மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.