தட்டு, நாடா, திரை: கர்நாடக இசையும் நீளத்தின் மீட்சியும்

இணையம் கேட்பவரின் பொறுமையைத் தின்றுவிட்டது, அப்படியிருந்தும் கர்நாடக இசை பிழைத்திருக்கிறதே என்று வியப்பவர்கள் உண்டு. அந்த வியப்பு வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பதால் வருவது. இந்த இசையின் நீளத்தில் முதலில் கத்தரி வைத்தது இசைத்தட்டு. இணையமோ பெருமளவுக்கு அந்த நீளத்தைத் திருப்பித் தந்திருக்கிறது.

1902இல் கல்கத்தாவில் பாடகி கோஹர் ஜான் பாடிப் பதிவான நாளிலிருந்து பல பத்தாண்டுகள், தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கீர்த்தனையே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்த இடத்தில் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலுக்கோ தாள வாத்தியத்தின் தனி ஆவர்த்தனத்துக்கோ வழியில்லை. மேடையில் மணிக்கணக்கில் விரிந்த நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம், தட்டில் நிமிடக் கணக்குக்குள் அடங்க நேர்ந்தது. அன்றைய மேடையும் நீளத்தைப் பொத்திப் பாதுகாத்ததாகச் சொல்ல முடியாது. பல உருப்படிகளை அளவோடு தொடுக்கும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் கச்சேரி பத்ததி வேரூன்றியது இந்தத் தட்டுக் காலத்தில்தான்.

பிறகு வந்த ஒலிநாடா நிலைமையை மாற்றியது. ஜி. என். பாலசுப்ரமணியத்தையும் மதுரை மணி ஐயரையும் முழுக் கச்சேரியாக நாம் இன்று கேட்பது, சபாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ரசிகர்கள் பதிவுசெய்து, நகலெடுத்து, கைமாற்றிக்கொண்ட நாடாக்களின் புண்ணியம். வணிகப் பதிவுகளைத் தவிர்த்துக் கச்சேரி ஒலிகளைப் பகிரும் சங்கீதப்பிரியா இணையத்தளம் அந்தப் பண்டமாற்றின் நேர் வாரிசு. இணையம் புது ரசிகரை உருவாக்கியது என்பதைவிட, பழைய ரசிகரின் அலமாரியைத் திறந்துவிட்டது என்பதே பொருந்தும்.

ஆனால் அலமாரி திறந்தால் போதாது, உள்ளே இருப்பது இன்னதென்று தெரிய வேண்டும். இசைச் செயலிகள் பாடல், பாடகர், ஆல்பம் என்றே அடுக்குகின்றன. இங்கே தேடுபவருக்கு ராகம், தாளம், வாக்கேயக்காரர், வயலின் யார், மிருதங்கம் யார் என்பதெல்லாம் வேண்டும். தியாகராஜரின் ஒரே கீர்த்தனையை நூறு பேர் பாடியிருக்க, பாடலின் பெயரால் மட்டும் எதைப் பிரித்தறிவது? இந்தக் குறையை ஈடுசெய்வது மென்பொருளைவிட ஒரு பழைய பழக்கம். சபாவில் மடியில் சின்ன நோட்டை வைத்துக்கொண்டு உருப்படிகளைக் குறித்த மாமாக்களும் மாமிகளும் செய்த வேலையை, இன்று காணொளிக்குக் கீழே நிமிடக் குறிப்போடு யாரோ செய்கிறார்கள். கூலி கிடையாது, தப்பாக எழுதினால் திட்டு மட்டும் கிடைக்கும்.

ஒரு நிமிடத் துணுக்குகள் இன்று பெருகிவிட்டன என்ற எதிர்வாதத்தை நான் தள்ளவில்லை. கல்பனாஸ்வரத்தின் கடைசிக் கோர்வையும் கைதட்டலும் மட்டும் சுற்றுக்கு வருவது தட்டுக் காலத்தின் மறுபிறவிதான், அதுவும் இன்னும் குறுகிய பிறவி. எனினும் தட்டுக்குப் பின்னால் கேட்பதற்கு முழுக் கச்சேரி இருக்கவில்லை. துணுக்குக்குப் பின்னால் பெரும்பாலும் இருக்கிறது. அங்கே போக வழி சொல்வது, 'பூர்விகல்யாணி, 1 மணி 12 நிமிடம்' என்று எவரோ எழுதிவைத்த ஒற்றை வரி.