குறிப்பறிதலுக்கு அப்பால்

காதல் கண்களில் தொடங்குகிறது என்பது நம் மரபின் துணிபு. வள்ளுவர் இன்பத்துப்பாலில் குறிப்பறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் பிறர் கண்ணை நோக்குவதே கடினமாகவும், குறிப்புகள் யாவும் புதிராகவும் தோன்றும் மனிதருக்குக் காதலில் இடம் எங்கே? ஆட்டிசத்தின் வரலாறு இக்கேள்வியை நெடுங்காலம் கேட்கவேயில்லை.

1943இல் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றித் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அதன்பின் ஆட்டிசம் குழந்தைகளின் நோயாகவே பேசப்பட்டது. 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு அதற்குச் சூட்டிய பெயரும் 'குழந்தைப் பருவ ஆட்டிசம்' என்பதுதான். அக்குழந்தைகள் வளர்ந்தனர். அவர்களது வேட்கையும் தனிமையும் ஏடுகளில் ஏறவில்லை. 1967இல் புருனோ பெட்டல்ஹைம் தம் நூலுக்கு 'வெற்றுக் கோட்டை' என்று பெயரிட்டார். உள்ளே ஒருவருமில்லை என்று கருதிவிட்டால், அங்கே காதலைத் தேடுவார் யார்?

மாற்றம் அவர்களிடமிருந்தே வந்தது. 1988இல் வெளியான 'ரெயின் மேன்' திரைப்படத்தின் நாயகனிடம் ஜெர்ரி நியூபோர்ட் தம்மையே கண்டார். 1993இல் லாஸ் ஏஞ்சலஸில், ஆட்டிசம் கொண்ட பெரியவர்களுக்கென ஒரு குழுவைத் தொடங்கினார். அவ்வாண்டு ஹாலோவீன் விருந்துக்கு அவர் திமிங்கில வேடத்தில் வந்தார். மேரி மொசார்ட்டின் தமக்கையாக வந்தார். 1994இல் மணம் புரிந்தனர். ஆட்டிசத் தம்பதியர் எனப் புகழ் பெற்ற அவர்கள் 1999இல் மணவிலக்குப் பெற்று, 2002இல் மீண்டும் ஒருவரையொருவர் மணந்தனர். அவர்கள் கதையைத் தழுவி 2005இல் ஒரு திரைப்படம் வந்தது. 2007இல் இருவரின் தன்வரலாற்று நூலும் வெளியானது.

இப்பிரிவை ஆட்டிசத்தின் தோல்வி என்று சொல்லிவிடுவது எளிது. ஆட்டிசம் இல்லாதோரின் மணமுறிவுகளுக்கு நாம் அப்படி ஒரு நோயைக் காரணம் காட்டுவதில்லை. மறுபுறம், அனைவரும் இணையைத் தேடியாக வேண்டும் என்பதும் இல்லை. ஆட்டிசம் கொண்ட விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் துணையின்றி வாழும் வாழ்வைத் தாமே தேர்ந்துகொண்டவர்.

2012இல், தாமும் ஆட்டிசம் கொண்டவரான பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்ற கருத்தை முன்வைத்தார். புரிந்துகொள்ளாமை இருபுறமும் நிகழ்கிறது என்பது அதன் சாரம். அவர்களுக்கு நம் குறிப்புகள் புரியாதது போலவே, அவர்களது குறிப்புகள் நமக்கும் புரிவதில்லை. அவ்வாறாயின் குறிப்பறியக் கற்க வேண்டியவர்களில் நாமும் அடங்குவோம். கண்களைத் தாழ்த்தியபடி, நேரடிச் சொற்களில் தன் அன்பைச் சொல்லும் ஒருவரைக் காதலர் என ஏற்பதில் அக்கல்வி தொடங்கலாம்.